எண் என்னும் சாட்சி

என் தந்தையார் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர். அவருடைய கல்லாப் பெட்டியின் இடப்பக்க அறையில், சில்லறைக் காசுகளுக்கு அடியில், நான்காக மடித்த வெள்ளைத் தாளுக்குள் ஓர் இரண்டு ரூபாய் நோட்டு எப்போதும் இருக்கும். பின்பக்கத்தில் ஆரியபட்டா செயற்கைக்கோளின் படம் பொறித்த நோட்டு அது. 1980-களில் கடையைப் புதுப்பித்துத் திறந்த நாளன்று, எதிர்க்கடையில் துணி வணிகம் செய்த மரைக்காயர் ஒருவர் முதல் போணியாகக் கொடுத்தது. "அண்ணாச்சி, இதச் செலவழிச்சிராதீங்க. நம்பரப் பாருங்க" என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த நோட்டின் எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் 786.

தந்தையார் மறைந்தபின் கல்லாப் பெட்டி வீட்டுக்கு வந்தது. அதனுடன் நோட்டும் வந்தது. 786 எண் கொண்ட நோட்டுகள் இலட்சக்கணக்கில் விலை போகின்றன என்று கேள்விப்பட்டிருந்த உறவினர் ஒருவர், "இதை விற்றால் பேத்தியின் கல்லூரிக் கட்டணம் கட்டிவிடலாமே" என்றார். வீட்டில் பேச்சு எழுந்தது. அந்த நோட்டின் உண்மையான மதிப்பு யாது என்று அறிய விரும்பி நான் விசாரிக்கத் தொடங்கினேன். விலை கேட்கப் போனவன் வரலாறு கேட்டுத் திரும்பினேன். அவ்வரலாற்றில் ஒரு பகுதியையே இங்கு வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள முற்படுகிறேன்.

பாதி நோட்டும் முழு நம்பிக்கையும்

பணத்தாளில் எண் எதற்காக? ஒரு நோட்டைப் போலவே இன்னொரு நோட்டு இருக்கிறது. நிறம் ஒன்று, படம் ஒன்று, கையொப்பம் ஒன்று. ஆனால் எண் மட்டும் வேறு. கோடிக்கணக்கான தாள்களுள் ஒவ்வொன்றையும் தனித்து அடையாளம் காட்டுவது அந்த எண்ணே. மனிதருக்குப் பெயர் எப்படியோ தாளுக்கு எண் அப்படி.

நம் நாட்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மாகாணங்களின் வங்கிகள் முன்னர்த் தத்தம் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. 1861-ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டம் அவ்வுரிமையை அரசாங்கத்துக்கே உரியதாக்கியது. அதன்பின் வந்த விக்டோரியா காலத்து நோட்டுகள் ஒரு பக்கம் மட்டுமே அச்சிடப்பட்டவை. நாடு பல பணவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்தில் வெளியிடப்பட்ட நோட்டை அந்த வட்டத்தில்தான் சட்டப்படி காசாக மாற்ற முடியும். சென்னை வட்டத்து நோட்டுக்குக் கல்கத்தாவில் அந்தச் சட்ட உரிமை இல்லை. 1903-க்கும் 1911-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் 5, 10, 50, 100 ரூபாய் நோட்டுகள் நாடெங்கும் செல்லும் தகுதியைப் படிப்படியாகப் பெற்றன.

அந்நாளில் தொலைதூரத்துக்குப் பணம் அனுப்ப வணிகர்கள் கையாண்ட முறை வியப்புக்குரியது. நோட்டை நடுவே இரண்டாக வெட்டுவார்கள். ஒரு பாதியை அஞ்சலில் அனுப்புவார்கள். அது போய்ச் சேர்ந்தது என்ற மறுமொழி வந்தபின்னரே மறுபாதியை அனுப்புவார்கள். வழியில் திருடன் கையில் அகப்பட்டாலும் பாதி நோட்டு அவனுக்குப் பயன்படாது. பெறுபவர் இரு பாதிகளையும் அருகருகே வைத்து எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டிலும் ஒரே எண் இருந்தால் அவை ஒரே தாளின் துண்டுகள். வெட்டுண்ட தாளை மீண்டும் பணமாக்கியது அந்த எண்ணே. முகம் பாராத இருவருக்கிடையே அது சாட்சியாக நின்றது.

இன்றும் நம் நோட்டின் முன்பக்கத்தில் எண் ஈரிடங்களில் காணப்படுகிறது. ஓரிடத்து எண்ணும் மற்றோரிடத்து எண்ணும் மாறுபட்டு அச்சாகிவிட்டால், அது அச்சுப்பிழை. அப்பிழையுள்ள நோட்டு சேகரிப்பாளர் கைக்குப் போனால் அதற்குத் தனி விலை. பிழைக்கு விலையேறும் விந்தை இத்துறையில்தான் உண்டு.

விலை பிறக்கும் இடம்

நோட்டுகளைச் சேகரிப்போர் எவ்வகை எண்களை நாடுகின்றனர்? ஆறு இலக்கங்களும் ஒன்றாக அமைந்த 777777 போன்றவை முதல் வகை. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத 258852 போன்றவை இரண்டாம் வகை. 123456 என ஏறுவரிசையில் அமைந்தவை மூன்றாம் வகை. வரிசையின் தொடக்கமாகிய 000001-க்குத் தனி மதிப்பு. வரிசையின் முடிவாகிய பத்து இலட்சமாவது தாளுக்கும் அவ்வாறே. ஆறு இலக்கம் போதாமல் அத்தாளில் ஏழு இலக்கங்கள் அச்சாகும் என்பதே அதன் சிறப்பு. இவற்றையெல்லாம் வணிகர்கள் 'ஃபேன்சி நம்பர்' என்ற ஒரே பெயரால் அழைக்கின்றனர்.

இவற்றோடு சேர்ந்தது 'ஸ்டார் நோட்டு'. அச்சகத்தில் பழுதான தாளுக்குப் பதிலாக அதே எண்ணில் வேறொரு தாளை அச்சிட்டுக் கட்டின் வரிசையைக் காப்பதே முன்னர் வழக்கமாக இருந்தது. 2006-இல் இந்திய ரிசர்வ் வங்கி அம்முறையை மாற்றியது. பழுதான தாளின் இடத்தில் முன்னொட்டுக்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு நட்சத்திரக் குறியிட்ட தாளை வைக்கும் முறை 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் முதலில் வந்தது. அமெரிக்காவில் இம்முறை 1910 முதலே உள்ளது. 2016-இல் புதிய 500 ரூபாய் நோட்டுகளிலும் நட்சத்திரம் தோன்றியபோது, அவற்றைக் கள்ள நோட்டு என அஞ்சி வாங்க மறுத்தோர் பலர். அதே நட்சத்திரத்தைத் தேடி அலைந்தோரும் உண்டு. ஒரே குறி ஒருவருக்கு ஐயம், மற்றொருவருக்கு ஆசை!

இப்போது ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு முன்னொட்டின்கீழ்ப் பத்து இலட்சம் தாள்கள் அச்சாவதாகக் கொள்வோம். ஆறு இலக்கமும் ஒன்றாயிருப்பவை 111111 முதல் 999999 வரை ஒன்பதே ஒன்பது. முன்பின் மாறாதவை 999. கடைசி மூன்று இலக்கம் 786 ஆக முடிபவை ஆயிரம். அதாவது வரிசை குலையாத புதுக்கட்டுகள் பத்தினை எடுத்துக்கொண்டால், அந்த ஆயிரம் தாள்களில் ஒன்று நிச்சயமாக 786-இல் முடியும். ஆயிரத்தில் ஒன்று என்பது அபூர்வம் ஆகாது. கோடிக்கணக்கில் அச்சாகும் நாட்டில் அது அன்றாடம் கைமாறும் பொருள்.

இன்னும் ஆழ்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். 777777 என்ற எண் பத்து இலட்சத்தில் ஒரே ஒரு முறை வருகிறது. 473918 என்ற எண்ணும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. இரண்டும் சம அளவில் அரியவை. ஒன்றுக்கு ஆயிரங்கள் கொடுக்கும் நாம் மற்றொன்றைக் காய்கறிக்காரரிடம் நீட்டுகிறோம். எனவே அருமை எண்ணில் இல்லை. அதைக் காணும் கண்ணில் இருக்கிறது. ஒழுங்கைக் கண்டால் மகிழ்வதும், ஒழுங்கில்லாததைக் கடந்துபோவதும் மனித மனத்தின் இயல்பு. அந்த இயல்பே இவ்வணிகத்தின் மூலதனம்.

786-இன் கதை சற்று வேறானது. அரபு மொழியின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு. நம் முன்னோர் க என்பதை ஒன்றுக்கும் உ என்பதை இரண்டுக்கும் குறியாக வழங்கியது போன்றதே இதுவும். இறைவனின் திருப்பெயரைச் சொல்லித் தொடங்கும் பிஸ்மில்லாஹ் வாசகத்தின் நான்கு சொற்களுக்கும் எழுத்து மதிப்பிட்டுக் கூட்டினால் 102, 66, 329, 289 என வரும். மொத்தம் 786. தூய வாசகம் எழுதிய தாள் காலில் மிதிபடலாகாது என்ற அச்சத்தால் அதற்கு ஈடாக எண்ணை எழுதும் வழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் பரவியது. இவ்வழக்கத்தை ஏற்காத இஸ்லாமிய அறிஞர்களும் உண்டு. எவ்வாறாயினும், இங்கு எண்ணுக்கு மதிப்புத் தருவது அதன் வடிவம் அன்று. அதற்குப் பின்னால் நிற்கும் சொல். மரைக்காயர் என் தந்தையாருக்குத் தந்தது எண்ணை அன்று, ஒரு வாழ்த்தை.

கேட்கும் விலையும் கிடைக்கும் விலையும்

சேகரிப்பாளரின் சந்தையில் எண் ஒன்றுமட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. தாளின் நிலை முதன்மையானது. மடிப்போ கறையோ இல்லாத சலவை நோட்டுக்கும், நூறு கைகள் பட்டுத் துவண்ட நோட்டுக்கும் இடையே விலை வேறுபாடு மிகப் பெரிது. எவ்வாண்டில், எந்த ஆளுநரின் கையொப்பத்துடன், எத்தனை அச்சாகி எத்தனை எஞ்சியுள்ளன என்பதையும் பார்ப்பார்கள். இறுதியில், அதை விரும்பும் இருவராவது ஒரே நேரத்தில் ஏலத்தில் அமர்ந்திருக்க வேண்டும். ஒருவர் கேட்கும் தொகை விலை ஆகாது. மற்றொருவர் கொடுக்கும் தொகையே விலை.

எங்கள் நோட்டை அனுபவமிக்க நாணய வணிகர் ஒருவரிடம் காட்டினேன். அவர் அதை ஒளிக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "நாலு மடிப்பு விழுந்திருக்கு சார். ஓரம் நைஞ்சிருக்கு. 786-இல முடியுறது நிறையக் கிடைக்குது. ஐம்பது ரூபாய்க்கு மேல யாரும் தரமாட்டாங்க" என்றார். உள்ளதை உள்ளபடி சொன்ன அவருக்கு நன்றி கூறி வந்தேன்.

ஆனால் எங்கள் உறவினர் அதற்குமுன்னரே அவசரப்பட்டுவிட்டார். நோட்டின் படத்தைக் கைப்பேசியில் முன்பின் அறியாத ஒருவருக்கு அனுப்பியிருக்கிறார். நான்கு இலட்சம் தருவதாக அந்த ஆள் கூறியிருக்கிறார். பின்னர், ரிசர்வ் வங்கியின் முத்திரையிட்ட கடிதம் போல ஒன்றை அனுப்பி, பதிவுக் கட்டணம் மூவாயிரம் ரூபாய் முன்னதாகக் கட்டவேண்டும் என்றாராம். கட்டினார். அடுத்த நாள் வரிக்கென்று எண்ணாயிரம் கேட்டார்கள். அப்போதுதான் எங்களிடம் சொன்னார். மூவாயிரம் போனது போனதுதான். இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. பழைய நோட்டுகளையும் காசுகளையும் வாங்க விற்கக் கட்டணமோ தரகோ வரியோ கேட்டுத் தன் பெயரையும் சின்னத்தையும் சிலர் முறைகேடாகப் பயன்படுத்துகின்றனர் என்றும், இத்தகைய வணிகத்தில் தனக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்றும், எவரிடமும் இதற்கெனக் கட்டணம் கேட்பதில்லை என்றும் 2021 ஆகஸ்டு மாதத்தில் ரிசர்வ் வங்கியே பொதுமக்களை எச்சரித்தது. ஏமாறுவோர் பேராசைக்காரர்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கட்டணம் கட்ட வழியில்லாத ஒரு தாத்தாவின் தவிப்பைப் பேராசை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

ஓர் எண்ணுக்கு இரண்டு தாள்கள்

சேகரிப்பும் விலையும் ஒருபுறம் இருக்கட்டும். இவையனைத்துக்கும் அடிப்படையான கருத்து ஒன்று உண்டு: ஓர் எண்ணுக்கு ஒரே தாள். அந்த அடிப்படை தகர்ந்தால் என்னவாகும்? ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் ஒரு நாடு அதைக் கண்டது. அந்நாடு போர்ச்சுகல்.

ஆர்த்தூர் அல்வெஸ் ரெய்ஸ் என்பவர் லிஸ்பனைச் சேர்ந்தவர். பொய்யான ஆக்ஸ்ஃபோர்டுப் பட்டச் சான்றிதழோடு போர்ச்சுகலின் குடியேற்ற நாடாகிய அங்கோலாவுக்குச் சென்று உயர்ந்தவர். 1924-இல் பணமோசடிக் குற்றச்சாட்டில் சிறையிலிருந்தபோது அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கள்ள நோட்டு அடிப்பவர்கள் ஏன் பிடிபடுகிறார்கள்? தாளும் மையும் அச்சும் உண்மையானவற்றோடு ஒவ்வாமையால். அப்படியானால் உண்மையான அச்சகத்தையே அச்சிடச் செய்தால்?

வெளியே வந்த ரெய்ஸ், போர்ச்சுகல் வங்கி தமக்கு அதிகாரம் அளித்திருப்பதாகக் காட்டும் போலி ஒப்பந்தங்களைத் தயாரித்தார். கூட்டாளிகளுள் ஒருவரான மாராங் என்னும் டச்சுக்காரர் அவற்றுடன் லண்டனுக்குச் சென்று, புகழ்பெற்ற வாட்டர்லோ அண்ட் சன்ஸ் அச்சகத்தின் தலைவர் சர் வில்லியம் வாட்டர்லோவைச் சந்தித்தார். போர்ச்சுகல் வங்கிக்கு 500 எஸ்குடோ நோட்டை அச்சிட்டுக் கொடுத்திருந்ததே அந்நிறுவனம்தான். அங்கோலாவின் பொருளாதார நெருக்கடியைத் தீர்க்க இரகசியமாக நோட்டுகள் தேவை என்று கூறப்பட்டது. முன்பே வெளியான நோட்டுகளின் எண்களையே மீண்டும் இடுவது எப்படி என்ற ஐயத்துக்கும் விடை ஆயத்தமாக இருந்தது. இந்நோட்டுகளின்மீது பின்னர் 'அங்கோலா' என்று முத்திரை குத்தப்படும்; ஆகவே குழப்பம் நேராது என்றனர். அச்சகம் நம்பியது.

1925 பிப்ரவரியில் முதல் தவணை நோட்டுகள் பெட்டிகளில் ஏறின. முதலில் 2,00,000 தாள்கள், பின்னர் 3,80,000 தாள்கள் என மொத்தம் 5,80,000 தாள்கள் அச்சாயின. முகமதிப்பு 29 கோடி எஸ்குடோ. தாள் உண்மை, மை உண்மை, அச்சுத்தகடு உண்மை. அனுமதி மட்டுமே பொய். அத்தாளின் முகப்பில் இருந்தவர் நம் கடற்கரைக்கு நன்கு அறிமுகமான வாஸ்கோடகாமா. 1498-இல் கோழிக்கோட்டுக்கு வந்து, 1524-இல் கொச்சியில் இறந்து, அங்கே புனித பிரான்சிஸ் ஆலயத்தில் முதலில் அடக்கம் செய்யப்பட்டவர்.

அப்பணத்தைக் கொண்டு ரெய்ஸ் 1925-இல் அங்கோலா மெட்ரோபோல் வங்கி என்று ஒரு வங்கியையே தொடங்கினார். போர்ச்சுகல் வங்கியின் பங்குகளையும் வாங்கிக் குவிக்க முற்பட்டார். அவ்வங்கியே தம் கைக்குள் வந்துவிட்டால் மோசடி நடந்தது என்று புகார் செய்ய எவர் இருப்பார்? 'ஓ செகுலோ' என்ற நாளிதழ் இப்புதிய வங்கியின் திடீர்ச் செல்வத்தைப் பற்றிக் கேள்வி எழுப்பியது. 1925 டிசம்பர்த் தொடக்கத்தில் போர்ட்டோ நகரக் கிளையில் ஆய்வாளர்கள் புகுந்தனர். நோட்டுகளை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தனர். எல்லாம் உண்மையானவை! வல்லுநர்களால் ஒரு குறையும் காண இயலவில்லை. அப்போதுதான் நோட்டுகளை எண் வாரியாக அடுக்கி ஒப்பிடும் வேலை தொடங்கியது. ஒரே எண் தாங்கிய இரண்டு தாள்கள் அகப்பட்டன. ஒன்று கிடைத்ததும் அடுத்தடுத்துக் கிடைத்தன. வல்லுநர்களின் கண்ணும் காணாத பொய்யை ஆறேழு இலக்கங்கள் சொல்லிவிட்டன.

அங்கோலாவிலிருந்து திரும்பிக் கொண்டிருந்த ரெய்ஸ் கப்பலிலேயே கைது செய்யப்பட்டார். 1930-இல் அவருக்கு 20 ஆண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 1945-இல் விடுதலையானார். 1955-இல் வறுமையில் இறந்தார். ஆனால் நாட்டுக்கு நேர்ந்த கேடு அவரோடு முடியவில்லை. நல்ல நோட்டையும் போலியையும் பொதுமக்கள் பிரித்தறிய வழியில்லை. எனவே போர்ச்சுகல் வங்கி அவ்வகை நோட்டுகள் அனைத்தையும் திரும்பப் பெற்று, வேறு நோட்டுகளை ஈடாகக் கொடுத்தது. அரசின்மீதும் பணத்தின்மீதும் மக்கள் கொண்ட நம்பிக்கை ஆட்டங்கண்டது. 1926 மே மாதம் இராணுவப் புரட்சி நிகழ்ந்து, குடியரசு வீழ்ந்து, பின்னர்ச் சலாசரின் நீண்ட சர்வாதிகாரத்துக்கு வழி பிறந்தது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்றாக இந்த நோட்டு விவகாரத்தையும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவர்.

ஒரு தாளின் மதிப்பு என்ன?

போர்ச்சுகல் வங்கி, வாட்டர்லோ நிறுவனத்தின்மீது லண்டனில் வழக்குத் தொடுத்தது. அவ்வழக்கில் எழுந்த கேள்வி, எங்கள் வீட்டில் எழுந்த கேள்வியேதான்: ஒரு நோட்டின் மதிப்பு என்ன?

அச்சகத்தின் வாதம் இது: அந்நோட்டுகளைக் கொடுத்துப் பொன் கேட்க எவராலும் இயலாது. வங்கி கொடுத்தது தாளும் மையும் மட்டுமே. எனவே வங்கிக்கு நேர்ந்த இழப்பு புது நோட்டு அச்சிட்ட செலவு மட்டுமே; அது 8,922 பவுன். வங்கியின் வாதம் வேறு: மக்கள் எதை வாங்கக்கூடுமோ அதுவே நோட்டின் மதிப்பு. போலிக்கு ஈடாக நாங்கள் கொடுத்த ஒவ்வொரு நல்ல நோட்டும் எங்கள் நாணயத்தின்மேல் ஏற்ற கடன். 1932-இல் பிரபுக்கள் சபை தீர்ப்புக் கூறியது. ஐந்து நீதிபதிகளுள் மூவர் வங்கியின் பக்கமும் இருவர் அச்சகத்தின் பக்கமும் நின்றனர். வங்கிக்கு 6,10,392 பவுன் தரவேண்டும் என்று முடிவாயிற்று. லண்டன் மாநகரின் மேயராகவும் இருந்த சர் வில்லியம் வாட்டர்லோ அத்தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. அதற்கு முந்திய ஆண்டே காலமாகியிருந்தார்.

8,922-க்கும் 6,10,392-க்கும் இடையேயுள்ள அந்தப் பெரும் தொகைக்கு என்ன பெயர்? அதைத் தாள் என்று சொல்ல முடியாது, மை என்றும் சொல்ல முடியாது. அதன் பெயர் நம்பிக்கை. நாணயம் என்ற தமிழ்ச்சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. சொல்லை வழங்கிய முன்னோர் இந்த வழக்கைக் கேட்டிருந்தால் சிறிதும் வியந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது இவ்வரலாறு வேறொரு கொடிய வடிவில் திரும்பியது. ஜெர்மனியின் நாஜி அரசு, சாக்ஸன்ஹவுசன் வதைமுகாமில் ஏறத்தாழ 140 யூதக் கைதிகளைத் தனிக் கொட்டடிகளில் அடைத்து, இங்கிலாந்தின் 5, 10, 20, 50 பவுன் நோட்டுகளைப் போலியாக அச்சிட வைத்தது. போலிகள் மிகத் தேர்ந்தவை. ஆனால் இங்கிலாந்து வங்கியில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. திரும்பி வந்து இரத்தான ஒவ்வொரு நோட்டின் எண்ணையும் பேரேட்டில் குறித்துவைப்பார்கள். 1943-இல் வந்த ஒரு நோட்டின் எண்ணைப் பேரேட்டில் பார்த்தபோது, அந்த எண்ணுள்ள நோட்டுக்கு முன்பே பணம் கொடுக்கப்பட்டுவிட்டதாகப் பதிவு இருந்தது. ஓர் எழுத்தரின் பொறுமை, ஒரு பேரரசின் மோசடியை வெளிச்சமாக்கியது. எஞ்சிய போலிகளைப் போர் முடிவில் ஆஸ்திரியாவின் டோப்லிட்ஸ் ஏரியில் எறிந்தனர். 1959-இல் அவற்றுள் பல மேலே எடுக்கப்பட்டன. அக்கைதிகள் 1945 மே மாதத்தில் எபன்ஸே முகாமில் விடுதலை பெற்றனர். மனிதரின் பெயரைப் பறித்து அவர்கள்மேல் எண்ணை ஒட்டியது அந்த அரசு. அவ்வரசின் பொய்யைக் காட்டிக்கொடுத்ததும் தாளில் இருந்த ஓர் எண்ணே.

சேகரிப்பவர் காப்பது எது?

வாஸ்கோடகாமா நோட்டுகளும் சாக்ஸன்ஹவுசன் போலிகளும் இன்று சேகரிப்பாளர்களால் விரும்பி வாங்கப்படுகின்றன. அழகுக்காகவோ அதிர்ஷ்டத்துக்காகவோ அவற்றை வாங்குவோர் அரியர். அவை எதைக் கண்டன என்பதற்காகவே வாங்குகின்றனர். எண்ணின் வடிவத்துக்கு விலை கொடுப்பவர் ஒருவகை. எண் சொல்லும் சாட்சிக்கு மதிப்புக் கொடுப்பவர் வேறுவகை. முன்னவரை நான் குறை கூறமாட்டேன். அழகிய எண்ணைக் கண்டு மகிழ்வது குற்றமன்று. ஆனால் வரலாற்றுக்குக் கடன்பட்டிருப்பது பின்னவரிடமே.

இதை நம் சட்டமும் ஒருவாறு ஒப்புக்கொள்கிறது. 2016 நவம்பர் 8-ஆம் நாள் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. 2017-இல் வந்த சட்டம், அந்நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆயினும் கல்வி, ஆராய்ச்சி, நாணயவியல் ஆகியவற்றுக்காக வைத்திருப்போருக்கு 25 நோட்டுகள் வரை இடங்கொடுத்தது. செல்லாத தாளுக்கும் சொல்ல ஏதோ ஒன்று உண்டு என்பதைச் சட்டத்தை எழுதியவர்களும் உணர்ந்திருந்தனர் போலும்.

எங்கள் நோட்டுக்கு வருகிறேன். பேத்தியின் கட்டணத்தை உறவினர்கள் நால்வர் பகிர்ந்து கட்டினோம். மூவாயிரத்தை இழந்த உறவினரை எவரும் இடித்துரைக்கவில்லை. எதிர்க்கடை மரைக்காயர் இன்று இல்லை; அவர் மகன் இருக்கிறார். ஒருநாள் அந்த நோட்டை எடுத்துச் சென்று அவரிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். "வாப்பா கையால குடுத்ததா?" என்று மட்டும் கேட்டார். தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

அன்று மாலை அதை மீண்டும் வெள்ளைத் தாளில் மடித்து, அத்தாளின்மேல் அந்த நோட்டின் முழு எண்ணையும், கொடுத்தவர் பெயரையும், பெற்றவர் பெயரையும், கடை திறந்த நாளையும் எழுதிக் கல்லாப் பெட்டியில் வைத்தேன். எங்களுக்குப் பின் அதை எடுப்பவர்கள் ஐம்பது ரூபாய் என்று விலை சொல்வார்கள். அவர்கள் அந்தத் தாளையும் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.